முகம் வரைய வேண்டிய நாள்

பணிமனையில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். மஞ்சள் விளக்கைக் கண்டாலே பேருந்தை நிறுத்திவிடுவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்துபோவார்கள். யாராவது அவசரப்பட்டால், “நிதானத்தோட வண்டியில ஏறிப் போ, அடுத்த வருஷம் போய்ச் சேந்துடலாம்” என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த நிதானத்தின் வண்டியில்தான் ஒருவர் அடிபட்டு இறந்தார். மழை விட்டிருந்த காலை. நிறுத்தத்தைத் தாண்டி வண்டி மெதுவாகத் திரும்பியபோது நடைபாதையிலிருந்து அந்த ஆள் சட்டென்று இறங்கினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விசாரணை நடந்தது. வண்டியிலிருந்த கேமராவின் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். ஓட்டுநர் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்து, சம்பளத்தோடு விடுப்பும் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த நிதானம் அழவில்லை. குடிக்கவில்லை. யார் மேலும் எரிந்து விழவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார். கண்ணை மூடிப் படுத்தால் தூக்கம் மட்டும் வரவில்லை. பார்க்க வந்தவர்கள் என்ன பேசுவதென்று தெரியாமல் திணறியபோது, அவரே அவர்களுக்கு ஆறுதல் சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

“உள்ளுக்குள்ள எப்படிங்க இருக்கு?” என்று மனைவி கேட்டாள்.

கொஞ்சம் யோசித்தார். “பல்லு புடுங்குறதுக்கு முன்னாடி ஊசி போடுவாங்கல்ல, அப்படி இருக்கு. தொட்டா தெரியுது. ஆனா வேற யாரையோ தொடுற மாதிரி தெரியுது.”

அவளுக்குப் புரியட்டும் என்றுதான் அப்படிச் சொன்னார். அவள் வேலை செய்வது பல்செட் கட்டும் கூடத்தில். முகமே பார்த்திராத மனிதர்களின் ஈறு அச்சுகள் தட்டில் வரிசையாக வந்து நிற்கும். மெழுகைச் சூடாக்கி, பல்லைப் பதித்து, சிறு கத்தியால் ஓரம் செதுக்குவாள். கூடத்தில் அவளைப் ‘பல்லம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். “நான் சிரிக்க வெச்சவங்க ஆயிரம் பேர் இருப்பாங்க, ஒருத்தர்கூட என்னைப் பாத்துச் சிரிச்சதில்ல” என்பாள். இப்போது அவள் வீட்டிலேயே ஒருவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

அவளுடைய தங்கைதான் அந்த யோசனையைக் கொண்டுவந்தாள். அவள் வாய் ஓயாதவள், போனிலும் அப்படித்தான்.

“அக்கா, எங்க குரூப்புல தினம் ஒரு வார்த்தை போடுவாங்க. அதை வரைஞ்சு போட்டோ எடுத்து அனுப்பணும். நல்லா வரையணும்னுல்லாம் கிடையாது, கோழி கிறுக்கின மாதிரி இருந்தாலும் பரவால்ல. மாமாவையும் இழுத்துக்கோ. சும்மா சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காருன்னு நீதானே புலம்புற?”

“அவரா? கையெழுத்துப் போடவே யோசிப்பாரு.”

“அப்ப நீ வரை. பக்கத்துல அவருக்கும் ஒரு காகிதம் வை. பேசாம வை.”

அப்படியே செய்தாள். வேலை விட்டு வந்து கைகால் கழுவியதும் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, இரண்டு காகிதம், இரண்டு பென்சில். முதல் வார்த்தை ‘சாவி’. அவர் மறுப்புச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. சாவியை மேசைமேல் வைத்து வரைந்து முடித்தார். பிறகு ‘கோப்பை’ வந்தது. ‘செருப்பு’ வந்தது. ‘நாற்காலி’, ‘குடை’ எல்லாம் வந்தன.

பல்லம்மாவுக்குப் பழகிய கை. அவள் வரைந்த செருப்பில் தேய்ந்த குதிகால்கூடத் தெரியும். அவர் வரைவது வண்டிப் புத்தகத்தில் இருக்கும் உதிரிபாகப் படம்போல இருக்கும். கோடு மட்டும்தான், நிழல் இருக்காது. குரூப்பில் தங்கையின் சிநேகிதிகள் இருவர் படத்துக்கும் ஒரே மாதிரி இதயம் போடுவார்கள். அவர் அதைப் பார்ப்பார், போனைத் திருப்பிக் கொடுப்பார்.

“உங்களுக்குப் பிடிச்சிருக்கா?” என்று ஒருமுறை கேட்டாள்.

“நேரம் போகுது” என்றார். குறையாகச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையை ஒழுங்குபடுத்தும்போது அவர் படங்களையெல்லாம் பரப்பிப் பார்த்தாள். என்னவோ உறுத்தியது. கோப்பை, நாற்காலி, குடை எல்லாமே ஒரே உயரத்திலிருந்து, கீழ்நோக்கி, சற்று ஓரமாகப் பார்த்த மாதிரி இருந்தன. மேசையில் உட்கார்ந்து வரைகிறவருக்குக் கோப்பை அப்படித் தெரியாது. ஓட்டுநர் இருக்கையில் இருப்பவருக்குத்தான் சாலையில் கிடக்கும் பொருள் அப்படித் தெரியும். மனிதர் வீட்டுக்கு வரவே இல்லை, இன்னும் வண்டியிலேயேதான் இருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. காகிதங்களை அடுக்கி வைத்தாள். அவரிடம் சொல்லவில்லை.

பிறகு ‘முகம்’ என்ற வார்த்தை வந்தது.

அவள் தன் தங்கையின் முகத்தை, வாய் திறந்தபடி வரைந்தாள். பார்த்தால் சிரிப்பு வரும். நிமிர்ந்து அவர் காகிதத்தைப் பார்த்தாள். தலை ஒன்று, காதுகள், சட்டைக் காலர். நடுவில் ஒன்றுமில்லை.

“கண்ணு மூக்கு எங்கே?”

“இது பின்பக்கம்.”

“முகம்தானே வரையச் சொன்னாங்க?”

“அந்த ஆள் திரும்பலியே” என்றார். “நான் பாத்தது இதுதான்.”

அன்றுவரை அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. விசாரணையில் சொன்னதோடு சரி. இப்போது பென்சிலைப் பிடித்தபடியே, நிறுத்தங்களின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். “முடி புதுசா வெட்டியிருந்தது. பின்கழுத்துல கோணல். வலது பக்கம் ஏறி, இடது பக்கம் இறங்கி. காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. எவ்வளவு நேரம் பாத்தேன்னு தெரியல. அந்தக் கோணலை நல்லாப் பாத்தேன்.”

அவள் கை அவர் கைமேல் போனது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, பற்றவும் இல்லை.

வழக்கம்போலப் படத்தை அவரே அனுப்பிவிட்டார். தங்கையின் சிநேகிதி ஒருத்தி, “சூப்பர் அண்ணா! யாருமே யோசிக்காத கோணம்!” என்று எழுதி, கைதட்டும் படங்களை வரிசையாகப் போட்டாள். பல்லம்மா அதைப் பார்த்துவிட்டு, அழித்துவிடலாமா என்று கேட்டாள்.

“இருக்கட்டும். அவங்க சொல்றது சரிதான்” என்றவர், போனை வைத்துவிட்டு, “அந்த ஆள் முகத்தைப் பாக்கணும்” என்றார்.

“போய் என்னன்னு சொல்லுவீங்க? அடிச்சு விரட்டினா?”

“விரட்டட்டும்.”

பணிமனைச் சங்கத்துக்காரர் ஒருவரிடம் கேட்டு விலாசம் வாங்கினார்கள். இறந்தவருக்கு மனைவி, பிள்ளை கிடையாது. கூடப்பிறந்த அக்கா ஒருத்தி மட்டும் இருக்கிறாள், முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள் என்றார். பல்லம்மா அதைக் கேட்டதும் கணவரைப் பார்த்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

சின்னக் கடை. இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி, சுவரோரம் ஒரு பெஞ்சு. கடைக்கார அம்மாள் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வேறு யாருமில்லை. நிதானம் வாசலிலேயே நின்று சொன்னார்.

“நான்தாங்க அந்தப் பஸ்ஸை ஓட்டினவன்.”

துடைப்பம் நின்றது. அம்மாள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு பல்லம்மாவைப் பார்த்தாள்.

“எதுக்கு வந்தீங்க?”

“உங்க தம்பி முகத்தை நான் பாக்கல. பாக்கணும்னு இருந்தது.”

அவள் போனை எடுத்துத் தேடி நீட்டினாள். சாதாரண முகம். நெற்றி ஏறியிருந்தது, மீசை இல்லை, ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தார். நிதானம் ரொம்ப நேரம் பார்த்தார். தனக்குள் ஏதாவது நகருமா என்று காத்திருந்தார். ஒன்றும் நகரவில்லை. “நன்றிங்க” என்று திருப்பிக் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து, பின்கழுத்துக் கோணலோடு வரைந்த அந்தப் படத்தை மடித்தபடியே எடுத்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று வைத்துக்கொண்டு நின்றார். அவளே வாங்கிப் பிரித்தாள்.

பார்த்தவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தான் வெட்டினேன்” என்றாள். “அன்னைக்குக் காலையில. ஆடாதடான்னு சொன்னா கேக்க மாட்டான். வேலைக்கு நேரமாச்சுன்னு பாதியில எந்திரிச்சுட்டான். கோணலா இருக்குடா, உக்காருன்னு கத்தினேன். பின்னாடி இருக்குறதை யாரு பாக்கப் போறாங்கக்கான்னுட்டுப் போனான்.”

பல்லம்மா அழுதுவிட்டாள். அந்த அம்மாளும் அழுதாள். நிதானம் இருவருக்கும் நடுவில், நிறுத்தத்தில் நிற்கும் பயணிபோல நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவர் தலையைப் பார்த்தாள். விடுப்பில் போனதிலிருந்து அவர் முடி வெட்டவில்லை, காதை மூடியிருந்தது.

“உக்காருங்க” என்றாள், நாற்காலியைத் தட்டி.

“வேணாங்க...”

“உக்காருங்கன்னு சொல்றேன்ல.”

உட்கார்ந்தார். துணியைப் போர்த்தி, கழுத்தில் முடிச்சுப் போட்டாள். கத்தரியைக் கையில் எடுத்தபோது பல்லம்மா பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். என்ன நினைத்து எடுக்கிறாளோ? எழுந்து தடுக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் கத்தரி அதன்பாட்டுக்கு வேலையைச் செய்தது. முடி உதிர்ந்துகொண்டே இருந்தது. பின்கழுத்துக்கு வந்தபோது அவர் தலை மெல்லச் சரிந்து மார்பில் சாய்ந்தது.

“தூங்கிட்டாரு” என்றாள் அம்மாள், மெதுவாக.

“வீட்டுல தூங்கவே மாட்டேங்குறாருங்க.”

“அப்ப எழுப்பாதீங்க. இருக்கட்டும்.”

வெயில் கடைக்குள் நுழைந்து கண்ணாடிவரை ஏறியது. ஒருத்தி முடி வெட்டிக்கொள்ள வந்தாள். அம்மாள் அவளை அடுத்த நாற்காலியில் உட்கார வைத்தாள். அவர் எழுந்தபோது எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் விழித்தார். அம்மாள் பின்னால் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். நேராக இருந்தது. தலையசைத்தார். காசு கொடுக்கப் பையில் கை வைத்தவரை அவள் பார்த்த பார்வையில், கையை எடுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஏறாமல் நடந்தே வந்தார்கள். வழியில் அவர், “எனக்கு அங்கேயும் ஒண்ணும் தோணலம்மா” என்றார். “தோணும்னு நெனச்சேன்.”

“சரிங்க” என்றாள் அவள்.

விடுப்பு முடிந்ததும் அவர் மறுபடி வண்டி எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டதன் பேரில் நேரக் காப்பாளர் அறையில் போட்டார்கள். வண்டிகள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் ஒலிபெருக்கியில் சொல்வது வேலை. பணிமனையில் இப்போது ‘நிதானம்’ என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. “அண்ணே” என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். வீட்டில் ஓரளவு தூங்கினார். குரூப்பில் வார்த்தைகள் வந்துகொண்டிருந்தன. சில நாள் இருவரும் வரைந்தார்கள், சில நாள் அவள் மட்டும் வரைந்தாள்.

அவர் என்றைக்காவது உடைந்து அழுவார், அன்றைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று பல்லம்மா நெடுநாள் எதிர்பார்த்திருந்தாள். வேலைக்கூடத்தில் போன் அடித்தால், அதற்காகத்தான் அடிக்கிறதோ என்று கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்துவிட்டு ஓடுவாள். பெரும்பாலும் அவர், வரும்போது பால் வாங்கி வரவா என்று கேட்பார். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, அவள் ஓடுவதை விட்டாள். அடித்தால் அடிக்கட்டும் என்று கையிலிருக்கும் பல்லைப் பதித்து முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுப்பாள்.

“வாங்கிட்டு வாங்க” என்பாள்.