உயர்த்திய கை

எங்கள் ஜெர்மானிய மாகாணத்தில் வழக்கறிஞர் ஒரு வழக்கில் தோற்றால், தண்டனையில் பாதியை அவரே சிறையில் கழிக்க வேண்டும். இருவர் பங்கும் முடிந்த பிறகுதான் கதவு திறக்கும். கட்சிக்காரரைத் தனியாக வெளியே விட்டால் வழக்கறிஞர் மனம் புண்படும் என்று சட்டம் கருதுகிறது.

நான் அச்சுக்கூடம் வைத்திருந்தவன். ஆளுநரின் நாய் கடிக்கும் என்று ஒரு துண்டுப்பிரசுரம் அச்சிட்டேன். அந்த நாய் என் மனைவி மாட்டில்டேயின் கணுக்காலைக் கடித்திருந்தது. எனக்காக வாதாடியவர் டாக்டர் ஏவால்ட் ரீட்மூலர், ஊரறிந்த தாராளவாதி. மூன்று மணி நேரம் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார். நாயைப் பற்றிப் பேச மறந்துவிட்டார். ஆறு வருடம் கிடைத்தது. ஆளுக்கு மூன்று.

என் மூன்று வருடத்தை நான் முடித்துவிட்டேன். அவர் தன் பங்கைத் தொடங்கவே இல்லை. தீர்ப்பு வந்த வாரமே தேர்தலில் நின்று மாகாண சபைக்குப் போய்விட்டார். சபை நடக்கும்போது உறுப்பினரைச் சிறையில் போட முடியாது. ஓர் உறுப்பினர் நின்று பேசிக்கொண்டிருக்கும்வரை சபையை முடிக்கவும் முடியாது. ரீட்மூலர் எழுந்து நின்று, கைதிகளின் விடுதலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

பத்தொன்பது வருடம் பேசினார். நின்றபடியே சாப்பிட்டார், கோட்டு மாட்டும் கம்பத்தில் சாய்ந்து தூங்கினார். நின்றபடியே கட்சித் தலைவரானார், பதக்கம் வாங்கினார், சபையின் துணைத்தலைவருமானார். துணைத்தலைவருக்கு உரிய நாற்காலியில் தொப்பியை மட்டும் வைத்தார். பேச்சில் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது என் பெயர் வரும். பத்திரிகைகள் அதைக் கண்ணீரோடு வெளியிட்டன. அந்த மனிதர் ஒரே ஒரு தடவை உட்கார்ந்திருந்தால் போதும்.

மாட்டில்டே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வருவாள். கடிபட்ட கால் குளிரில் வலிக்கும், ஆனாலும் நடந்தே வருவாள். எப்போதும் ஒரே கேள்விதான்.

"இன்னும் பேசிட்டுத்தான் இருக்காரா?"

"ஆமா."

"என்னவாம்?"

"என்னை விடணுமாம்."

அவள் தலையாட்டிவிட்டு ரொட்டியை எடுத்து வைப்பாள். அவள் தலைமுடி நரைத்ததை நான் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்தே பார்த்தேன். அதற்காக அந்த ஆளை நான் மன்னிக்கவே மாட்டேன்.

போன இலையுதிர் காலத்தில் ரீட்மூலர் "ஆகவே" என்று சொன்னவர் அப்படியே இறந்துபோனார். பாதியில் நின்ற பேச்சை முடிந்ததாகக் கொள்வது மரியாதையல்ல என்று சபை தீர்மானித்து, அவர் நின்ற இடத்தில் ஆளுயர வெண்கலச் சிலை வைத்தது. பேசும்போது எப்படி இருப்பாரோ அப்படியே, வலது கை மேலே. ஆனால் இறந்தவருக்குச் சபையின் பாதுகாப்பு கிடையாது. எனவே அவருடைய மூன்று வருடத்தைக் கழிக்கச் சிலையை என் அறைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

மறுநாள் சபை உறுப்பினர்களும் ஆளுக்கொரு நாற்காலியோடு வந்தார்கள். பேசுகிறவரை விட்டு அவர்கள் எங்கே போவார்கள்? அறுபது பேர். இடம் போதாததால் என் கட்டிலை வெளியே எடுத்தார்கள். காவலர் குன்ஸ் எல்லோருக்கும் தண்ணீர் வைத்தார்.

சபைத்தலைவர் நல்ல மனிதர். மறைந்தவரின் ஆசையை நிறைவேற்றுவோம், மூன்று வருடம் காத்திருக்காமல் இந்த அச்சுக்காரரை இன்றே விடுவிப்போம் என்றார். பத்தொன்பது வருடத்தில் அதை வேறு யாரும் தீர்மானமாகக் கொண்டுவரவில்லை.

"ஆட்சேபம் உள்ளவர்கள் கையைத் தூக்கலாம்" என்றார் தலைவர்.

அறுபது பேரும் கையை மடிமேல் வைத்துக்கொண்டார்கள். ஒரு கை மட்டும் தூக்கியிருந்தது.

"ஆட்சேபம் ஒன்று. நாளைக்கு ஒத்திவைக்கிறேன்."

அது சிலை என்று நான் சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும் உறுப்பினரை இடைமறிக்கக் கூடாது என்று குன்ஸ் என் தோளைத் தொட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் வாக்கெடுப்பு நடக்கிறது. தினமும் ஆட்சேபம் ஒன்று.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டில்டே எனக்குக் கம்பளிக் கையுறை பின்னிக்கொண்டு வந்தாள். அறுபது பேரையும் சிலையையும் கம்பி வழியாகப் பார்த்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அவள் போனதும் தலைவர் ஒரு கையுறையைக் கேட்டு வாங்கி, உறுப்பினரின் கை இத்தனை நாளாகக் குளிரில் இருக்கிறதே என்று சிலையின் கையில் மாட்டினார்.

இன்று காலை வாக்கெடுப்பு நடந்தது. குன்ஸ் கையை ஒன்று, கையுறையை ஒன்று என்று எண்ணினார். ஆட்சேபம் இரண்டு. மற்றக் கையுறையை எங்கே வைத்திருக்கிறேன் என்று தலைவர் கேட்டார். கொடுத்தேன்.