சவரிமுத்துவுக்குப் பின்னால் ஒரு பாலைவனம்

மராத்தி பேசும் ஊரான வானவடியில் இன்பநாதனின் ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது தொண்ணூற்றொன்பதில். அதுவரை அங்கே வரன் பேசப் படம் எடுத்துக்கொண்ட மாப்பிள்ளைகள் எல்லோரும் அருவி வரைந்த ஒரே திரைக்கு முன்னால்தான் நின்றார்கள். அருவியைப் பார்த்ததுமே பெண் வீட்டார் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏற்கெனவே அவர்கள் வேண்டாமென்று சொன்ன ஒருவன் அதே அருவி முன் நின்றிருப்பான். வெடிமருந்துத் தொழிற்சாலையில் லேத் ஓட்டும் சவரிமுத்துவின் படமும் அப்படி வரிசையாகத் திரும்பி வந்தது. முப்பத்தாறு வயது. "அருவி மட்டும் வேண்டாம்ணே" என்று கெஞ்சினான்.

ஸ்கேனரில் எதை வைத்தால் என்ன வரும் என்று இன்பநாதன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. சாவிக்கொத்து, சீப்பு, தன் கன்னம் எல்லாம் வைத்தாகிவிட்டது. அன்று மனைவி மேவிஸ் கொடுத்தனுப்பிய டிபனிலிருந்து ஒரு தோசையை எடுத்து வைத்தான்.

"தோசைய எதுக்குல வைக்க?" என்று கூட உட்கார்ந்திருந்த நான் கேட்டேன்.

"முறுகல் நல்லா விழுந்திருக்கு அண்ணாச்சி. பாப்போமே."

திரையில் தோசை வந்தது. ஒரு ஃபில்டரை அமுக்கினான், சுழன்றது. இன்னொன்றில் நெளிந்தது. அடுத்ததில் பொத்தல்களெல்லாம் மேடாக எழும்பின. மஞ்சளைக் கூட்டி அடிவானத்தை மங்க வைத்ததும் அசல் பாலைவனம். அதில் சவரிமுத்துவை வெட்டி ஒட்டி, மணலில் நிழலும் போட்டான்.

ஒரு பிரிண்டை ஜன்னலில் ஒட்டினோம். பார்த்தவர்களுக்கெல்லாம் தாகம் எடுத்ததால் மேவிஸ் வாசலில் தண்ணீர்ப் பானை வைக்க வேண்டியதாயிற்று. குழந்தைகளை ஏற்றிச் சுற்றும் ஒட்டகம் ஒன்று ஜன்னலுக்கு எதிரே நின்றது. உடையவன் எவ்வளவு இழுத்தும் மாலைவரை நகரவில்லை.

வரன் பேசப் படத்தை எடுத்துப்போனவர் ரிட்டயர்டு சுபேதார் சுந்தரமூர்த்தி. "இது ஜெய்சல்மேர் தாண்டி. எழுபத்தொண்ணு சண்டையில இந்த மேட்டுக்குப் பின்னாலதான் டீ போட்டோம்" என்று சிஞ்ச்வட்டில் பெண் வீட்டாரிடமும் சொல்லிவிட்டார். ஊர் சுற்றிய பையன் என்று பெண்ணின் அப்பாவுக்குத் திருப்தி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மகள் ஜெனிபரோடும் சுபேதாரோடும் சவரிமுத்து காத்திருந்த ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார்.

ஜெனிபர் சவரிமுத்துவைவிடப் படத்தைத்தான் அதிகம் பார்த்தாள். "கல்யாணத்துக்கு அப்புறம் என்னை அங்க கூட்டிட்டுப் போவீங்களா?"

சவரிமுத்து என் பக்கம் திரும்பினான். தலையை ஆட்டிவிடு என்று அவன் காலை மிதித்தேன். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"அது தோசைங்க."

"என்னது?" என்றார் அப்பா.

"மேவிஸ் அக்கா சுட்டது."

அப்பா எழுந்துவிட்டார். "கெளம்பு பிள்ள. தோசையக் காட்டிப் பொண்ணு கேக்கானுவ."

சுபேதார் கூரையைப் பார்த்தார். "டீ போட்டது நிஜம்."

ஜெனிபர் எழவில்லை. "எப்படிப் பண்ணினீங்க? ஏக் பார், ஒரே ஒரு தடவை காட்டுங்களேன்" என்றாள் இன்பநாதனிடம்.

எதற்குப் பிறகு எதை அமுக்கினான் என்று அவனுக்கே மறந்துவிட்டது. தோசையும் இல்லை, அன்றே தின்றுவிட்டோம். ஜெனிபர் டீத்தட்டிலிருந்த காரி பிஸ்கட்டை எடுத்து ஸ்கேனரில் வைத்தாள். அதன் அடுக்கடுக்கான ஏடுகள் திரையில் பாறைச் சரிவுகளாக விழுந்தன. மவுஸைப் பிடித்து ஒவ்வொரு ஃபில்டராகப் போட்டுப் பார்த்தாள். சவரிமுத்து நாற்காலியை மெல்ல இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"சுழல் கொஞ்சம் ஜாஸ்தி."

"இல்ல, இன்னும் கூட்டணும்."

"கூட்டினா கிறுகிறுக்கும்ங்க."

"உங்களுக்குத்தான கிறுகிறுக்கும். தள்ளி உக்காருங்க."

அவன் தள்ளவில்லை.

"லோக்கல் ரயிலு போயிரும் பிள்ள" என்றார் அப்பா.

"அடுத்தது வரும்ப்பா."

அவர் செருப்பை மாட்டினார், கழற்றினார், அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றார். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் போல் ஏதோ பளபளத்தது.

"அந்த மூலைய நீலமாக்கு" என்றார். பிறகு சுபேதார் பக்கம் திரும்பி, "தபசு காலத்துல கல்யாணம் பேச முடியாது. ஈஸ்டர் கழியட்டும்" என்றார்.