அந்த நான்கு நிமிடம்

பள்ளிப் பேருந்து எப்போது வரும் என்று பெற்றோரின் கைபேசியில் காட்டும் செயலி அது. அதன் நிரலில் ஒரே ஒரு வரிதான் வேலைக்குப் புதியவளுக்குப் பிடிபடவில்லை: வந்து சேரும் நேரத்தோடு நான்கு நிமிடம் கூட்டு. அந்த வரி இருந்தால் நேரம் சரியாக வருகிறது, எடுத்தால் பிசகுகிறது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

இன்றோடு அவளுடைய மூன்று மாதச் சோதனைக் காலம் முடிகிறது. பதினொரு மணிக்குக் குழுத் தலைவி வந்து அந்த வரியை விளக்கச் சொல்வார். முழித்தால் வேலை நிரந்தரமாகாது.

அங்கே இருவர் இருவராக உட்கார்ந்துதான் நிரல் எழுதுவார்கள். ஒரே திரை, ஒரே கீபோர்டு. ஒருத்தி யோசித்துச் சொல்வாள். மற்றவள் மறுபேச்சில்லாமல் தட்டுவாள். கால் மணிக்கு ஒருமுறை மேசைக் கடிகாரம் அடிக்கும், வேலை கைமாறும்.

"அக்கா, நாலு நிமிஷம் நீங்க சொல்லித்தானே நான் தட்டினேன்?"

"நல்லா இருக்கே கதை! நீ சொல்லி நான் பாதி தட்டினேன். மணி அடிச்சுது, மீதிய நீ முடிச்ச," என்றாள் அவளுடைய ஜோடி. எல்லாரும் அவளை 'நெட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அன்னைக்கு எனக்கு மூளையே ஓடலக்கா."

"என்னைக்கு ஓடிச்சு?"

புதியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டிய கைகள் நான்கும் இங்கே இருக்கின்றன. யோசித்த தலையைத்தான் காணோம்.

தலைவி ஒரு கையில் டீயும் மறு கையில் வேலையை நிரந்தரமாக்கும் படிவமுமாக வந்தார்.

"யார் சொன்னதுன்னே தெரியல மேடம்," என்று புதியவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"அதெப்படித் தெரியாம போகும்? அன்னைக்குச் செஞ்ச மாதிரியே திரும்பச் செய்ங்க, பார்ப்போம்."

கடிகாரத்தைத் திருகி வைத்தார்கள். நெட்டை கீபோர்டில். புதியவள் தூரத்தைச் சொன்னாள், வேகத்தைச் சொன்னாள், அதற்குமேல் ஓடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைங்க ஏறி உட்கார வேண்டாமா? ஒரு நாலு நிமிஷம் கூட்டிப் போடு."

நெட்டையின் விரல்கள் பாதி வரியைத் தட்டியிருந்தன. மணி அடித்தது. இருவரும் மெல்லத் திரும்பினார்கள். முதுகுக்குப் பின்னால் தலைவி டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"என்ன, பேயைப் பார்த்த மாதிரி பாக்கறீங்க?"

"இப்ப நீங்கதான் சொன்னீங்க மேடம். அன்னைக்கும் நீங்களாத்தான் இருக்கும்."

"நானா? நான் டீ இல்ல குடிச்சுக்கிட்டிருக்கேன்!"

தலைவி திரையில் நின்ற பாதி வரியை இரண்டு முறை படித்தார். கோப்பையை வைத்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

"நான் சொன்னதுக்கு நீ எப்படிம்மா விளக்கம் சொல்லுவ?" என்றபடி மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அது சரி, நாலு எதுக்கு? அஞ்சுன்னா ஆகாதா?"

"அதையும் நீங்கதான் சொல்லணும் மேடம்," என்றாள் புதியவள்.