அவருடைய ஓய்வு நாள்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என் புருஷன் தன்னுடைய வாட்சைக் கழற்றி என் கையில் கட்டினார். இரண்டு சின்னக் கோடுகள் மின்னி நெஞ்சுத் துடிப்பைத் தேடின, பிறகு என் எண் வந்தது. போனையும் மேசையில் வைத்துவிட்டார்.

"நிரோஷி, நீ சும்மா இரு. டீவி பாரு. சைக்கிள்ல கலகெதர வரைக்கும் போய்ட்டு வந்திர்றேன்."

துஷாந்துக்கு ட்ரையத்லன் பைத்தியம். நீந்த வேண்டும், சைக்கிள் ஓட்ட வேண்டும், அது முடிந்ததும் ஓடவும் வேண்டும். ஒன்று போதாதாம் மனுசனுக்கு! பயிற்சி கொடுக்கும் ஸிபான் சேர் அலவத்துகொடையில் இருந்துகொண்டே இவர் நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று பார்ப்பார். வாட்ச் போனுக்குச் சொல்லும், போன் அவருக்குச் சொல்லும். போன கிழமை நீச்சல் தடாகத்துப் படியில் இவருக்குக் கண் இருட்டிவிட்டது. உதடெல்லாம் வெளுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். இந்தக் கிழமை முழுக்க ஓய்வு என்று சேர் கண்டிப்பாகச் சொன்னார். அவர் கண்ணில் மண்ணைத் தூவத்தான் இந்த ஏற்பாடு. ஓய்வெடுப்பது என் கை, ஊர் சுற்றுவது இவர் கால்.

நான் சண்டை போடாமல் இல்லை. "ஒரு நாள் சும்மா இருந்தா என்னங்க?" என்று கேட்டால் ஜன்னலோரப் பிரம்புக் கதிரையைக் காட்டுவார். "அப்பா அதுல சும்மாதான் இருந்தாரு." மாமா இவருடைய இப்போதைய வயதில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பேப்பரோடு அதில் சாய்ந்தவர், எழும்பவே இல்லை. அன்றிலிருந்து அதில் யாரும் உட்காருவதில்லை. துவைத்த உடுப்பைத்தான் போட்டு வைப்போம்.

சொன்னபடி அசையாமல் இருந்தேன். எங்கள் மஹய்யாவ இறக்கத்தில் பஸ் ஹோர்ன் கேட்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டேன். இவர் போன குருநாகல் ரோட்டு வளைவுகளில் பஸ்காரன்கள் ஒருத்தனை ஒருத்தன் முந்துவார்கள். அங்கே கண் இருட்டினால்? யாருக்குத் தெரியும், யார் எனக்குச் சொல்வார்கள்? போன் இங்கே, வாட்ச் இங்கே. முருகா, அந்த மனுசனைக் கொண்டுவந்து சேர்த்துவிடு. வாட்சில் எண் ஏறிக்கொண்டே போனது. அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் ஏறியது.

இவருடைய போன் அடித்தது. ஸிபான் சேர்.

"தங்கச்சி, துஷாந்த் படுத்துத்தானே ஈக்கிறார்?"

"ஆமா சேர். படுத்திருக்காரு." நாக்குக் கூசாமல் வந்தது.

"அசையாம ஈக்கிறார், ஆனா நெஞ்சு ஓடுறவன்ட நெஞ்சு மாதிரி அடிக்குது. எனக்குப் பயமா ஈக்கிது. போட்டியில அவர்ட பேர வெட்டுறன். டொக்டர்ட்டக் காட்டுங்க. வெளிய விட வாணாம்."

அது என் நெஞ்சு. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர் ஆசை ஆசையாகக் காத்திருந்த போட்டி இவருக்குத் திரும்பக் கிடைத்துவிடும். "சரி சேர்" என்று வைத்துவிட்டேன். அப்பாடா என்று இருந்தது. இத்தனை நாள் என் வாயால் முடியாததை என் பயம் செய்து முடித்துவிட்டதே! அடுத்த நிமிஷமே வேறொன்று உறைத்தது. வெளியே விடாதே என்கிறார் சேர். ஆள்தான் வீட்டில் இல்லையே.

வெயில் ஏறிய பிறகுதான் வந்தார். ஏறி ஓட்டவில்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று கத்தத் தயாராக இருந்தவள், அந்த வெளுத்த உதட்டைப் பார்த்து நின்றுவிட்டேன். சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். உடுப்புகளைக் கீழே தள்ளிவிட்டு, மாமாவின் கதிரையில் உட்கார்ந்தார்.

"சேர் பேசினாரா?"

"பேசினாரு. போட்டி வேணாமாம். பேர வெட்டுறாராம்."

என்மேல் எரிந்து விழுவார் என்று காத்திருந்தேன். விழுந்தால் நன்றாக இருக்கும் என்றே நினைத்தேன்.

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் சரிதான் என்னைக் கொன்றது. "சேதுராமன் அண்ணே, ஆட்டோவ எடுங்க!" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கத்தினேன். கத்திக்கொண்டே வாட்சைக் கழற்றி இவர் கையில் கட்டினேன். வார் ஓட்டையில் ஊசி இரண்டு தடவை தவறித்தான் நுழைந்தது. இவருடைய ஈரமான தோலில் பச்சை வெளிச்சம் பட்டது. என்னுடைய எண் அழிந்துபோய், அந்த இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் விட்டு விட்டு மின்னின.