பதினோரு ஓட்டைகளும் ஒரு வினைச்சொல்லும்

1

இந்தக் கதை, காரின் அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது கண்ணில் துரு விழுந்ததால் பிறந்தது. கண்ணைக் கழுவ எழுந்தேன், நெற்றி சைலன்ஸரில் இடித்தது. இதை எழுதியே தீருவது என்று அப்போதே முடிவு செய்தேன். பழிவாங்கத்தான். யாரை என்பது இன்னும் முடிவாகவில்லை.

முதல் தொடக்கம்: "பருத்திப்பட்டு ஏரியின் மேல் மேகங்கள்..." வேண்டாம். நான் எங்கே ஏரியைப் பார்த்தேன்? சேஸிஸைப் பார்த்துக் கிடந்தேன்.

இரண்டாவது: "துரு என்பது காலத்தின்..." (இதை எழுதிய கையை நானே அடித்தேன்.)

மூன்றாவது: கார் என் மனைவி ஹேமாவதியுடையது. [உண்மை. இருக்கட்டும்.]

2

வண்டிக்குப் பதினாலே முக்கால் வயது. பதினைந்து முடிவதற்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அடித்தகடு இற்றுப்போயிருந்தால் அங்கேயே முடிந்தது. போன வருட மழையில் எங்கள் ஃபிளாட்டின் கீழே முட்டளவு தண்ணீரில் இரண்டு நாள் நின்ற வண்டி அது.

"பழைய இரும்புக்குப் போட்டுடு ஹேமா" என்றார் அவள் அண்ணன் ராகவன்.

அவர் போனதும் ஹேமா என்னிடம் சொன்னாள்: "யார்கிட்டயும் 'கொண்டுபோய் விடுறியா'ன்னு கேக்காம நான் போறது இதுல மட்டும்தான். இதையும் குடுத்துட்டு மறுபடியும் உன் பைக்ல பின்னாடி உக்காரவா?"

"விடு, நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கணவர்களுக்கென்றே செய்த வினைச்சொல் இது. தீர்ந்துபோன சிலிண்டர், சுற்றாத ஃபேன், மாமியாரின் கண் ஆபரேஷன், எதற்கும் பொருந்தும். எப்போது என்று மட்டும் சொல்லாது.)

3

திருமுல்லைவாயிலில் வாட்டர்வாஷ் ஷெட் வைத்திருக்கும் பரந்தாமனிடம் யோசனை கேட்டேன்.

"இன்னா சார், ஊட்லயே பண்ணப் போறியா?"

"வீடியோ பார்த்தேன்."

"அப்ப சரி, நீயே மெக்கானிக்கு. நல்லா கழுவு, ரெண்டு நாள் காய உடு. ஈரத்து மேல பெயின்ட் அடிச்சின்னா துருவுக்குப் போர்வ போத்தி உட்ட மாதிரி. கம்பி பிரஷ்ஷு போட்டுத் தேய்ச்சிட்டு ரெட் ஆக்சைடு பெயின்ட் அடி. அது காஞ்சப்பறம் கறுப்பு கோட்டிங். அடியில சின்னச் சின்ன ஓட்டைங்க கீது. அத்த மட்டும் பாத்துக்கோ."

"பார்த்துக்கிறேன்" என்றேன். இரண்டாம் முறை.

[சந்தேகம்: பரந்தாமன் இவ்வளவு கோவையாகப் பேசுவாரா? மாட்டார். பாதி நேரம் ஃபோனில் வேறு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அதை நீக்கிவிட்டேன். அருமையான திட்டுகள். நஷ்டம் உங்களுக்குத்தான்.]

4

மூன்று சனிக்கிழமைகள். வண்டியை ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றினேன். கழுவினேன், காயவிட்டேன், தேய்த்தேன், பூசினேன். தலைமுடியில் ரெட் ஆக்சைடு. முதல் மாடி சுலோசனா மேடம், "என்ன சார், மருதாணியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஓட்டைகளை எண்ணினேன். பதினொன்று. ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

அதாவது, பெயின்டர்கள் வைக்கும் பட்டியை வைத்து அடைத்து, மேலே கோட்டிங் பூசி, ஓட்டை இருந்த தடமே தெரியாமல்...

நான் சம்பளத்துக்கு என்ன செய்கிறேன் என்று இங்கே சொல்லியாக வேண்டும். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் மென்பொருளுக்கு உபயோகக் குறிப்புகள் எழுதுகிறேன். "குறிப்புகளைக் கவனமாகப் படிக்கவும்" என்று வாரத்துக்கு நாற்பது தடவை எழுதுகிறவன்.

5

அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. காட்டுப்பாக்கம் போய்த் திரும்பிய ஹேமா, "ஏம்ப்பா, பிரேக் போட்டா களக்குன்னு சத்தம் வருது. பின்னாடி யாரோ தண்ணிக் குடத்தோட உக்காந்திருக்கிற மாதிரி" என்றாள்.

பரந்தாமனுக்கு ஃபோன் போட்டேன்.

"ஓட்டைய இன்னா பண்ணே?"

"நீங்க சொன்ன மாதிரி பார்த்துக்கிட்டேன்."

"இன்னான்னு பாத்துகினே?"

"அடைச்சுட்டேன்."

"யோவ் சார்! அது தண்ணி வடியற ஓட்டைய்யா! கோட்டிங் போய் அடைச்சிக்கப் போவுது, பாத்துக்கோன்னா, நீயே குந்திகினு அடைச்சி வச்சிகிறியே! உள்ள நிக்கிற தண்ணி தகட்ட துன்னுடும் நைனா!"

நீக்கிய திட்டுகள் எல்லாம் இந்த முறை எனக்கே வந்தன.

6

இன்று ஞாயிறு. வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸ். மறுபடியும் அடியில் படுத்திருக்கிறேன், கையில் ஸ்க்ரூ டிரைவர். பத்து ஓட்டைகளைத் திறந்துவிட்டேன். ஒவ்வொன்றும் என் சட்டைக் கைக்குள் பழுப்புத் தண்ணீரை ஊற்றியது. பதினோராவது, ஹேமாவின் சீட்டுக்கு நேர் கீழே. விரலால் அழுத்தினால் அதைச் சுற்றியுள்ள தகடு லேசாக அமுங்குகிறது. அமுங்குவது கோட்டிங்கா, இரும்பா?

முடிவு அ: தகடு தாங்குகிறது.

முடிவு ஆ: ஸ்க்ரூ டிரைவர் பிடிவரை உள்ளே போய்...

முடிவு இ: மேலே இன்னொரு கோட்டிங் அடித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். (வெட்கமாக இருக்கிறது. ஆனால் டப்பாவில் கோட்டிங் மிச்சம் இருக்கிறது.)

இந்தக் கதையின் முதல் வடிவில் எதையும் திறந்து வைக்கவில்லை. வண்டி பாஸ், ராகவன் வாயடைத்துப்போகிறார், ஹேமா சிரிக்கிறாள். படித்துப் பார்த்தேன். உள்ளே களக்கென்றது.

"என்னப்பா, சத்தம் எங்கேருந்துன்னு தெரிஞ்சுதா?" மேலே ஹேமாவின் குரல். எனக்குத் தெரிவது அவள் செருப்புகள் மட்டும்.

'நான் பார்த்துக்கிறேன்' என்று வாய்வரை வந்தது. துருவோடு சேர்த்து விழுங்கினேன்.

"ஹேமா, தண்ணி வடியற ஓட்டையெல்லாம் அடைச்சது நான்தான். உன் சீட்டுக்குக் கீழ தகடு தாங்குமான்னு தெரியல."

ஹேமா வலது செருப்பை மட்டும் கழற்றுகிறாள். என் பக்கத்தில் வந்து படுக்கவா, வேறு உபயோகத்துக்கா, இங்கிருந்து தெரியவில்லை.

நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டிருக்கிறேன். வாசகரே, இந்தாருங்கள் ஸ்க்ரூ டிரைவர். பதினோராவதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த அர்த்தத்தில் என்று மட்டும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.