ஏன் கத்தல?

தமிழ்செல்வி சிலமலையிலிருந்து போடிக்கு வந்து, அங்கிருந்து ஜீப்பில் மலையேறி ஏலக்காய் பறிக்கப் போகிறவள். எஸ்டேட் போடிமெட்டைத் தாண்டி, கேரளப் பக்கம். அன்று மத்தியானம் சூப்பர்வைசர் முத்துப்பாண்டி அவளை மட்டும் ஸ்டோருக்குச் சாக்கு எடுத்துவர அனுப்பினான். பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான். அவள் கத்தவில்லை. கைகால் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. அவளைக் கெடுத்துவிட்டு அவன் போன பிறகு, சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஏன் தூக்கினோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மறுநாள் காலையில் ஜீப்பில் ஏறக் கால் வரவில்லை. கூட வேலைக்கு வரும் மருதாயி இறங்கி வந்தாள்.

"என்னடி, காய்ச்சலா?"

தமிழ்செல்வி நடந்ததைச் சொன்னாள். பாதி சொல்வதற்குள்ளேயே மருதாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜீப்பைப் போகச் சொல்லிவிட்டாள்.

"மொதல்ல ஆஸ்பத்திரி."

ஆஸ்பத்திரியில், போலீஸில் எழுதி வாங்கி வந்தால்தான் பார்ப்போம் என்றார்கள். போலீஸில், நடந்த இடம் எது என்று கேட்டார்கள். சொன்னதும் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார்.

"அது அவங்க எல்லைம்மா. மேல போய்க் குடுங்க."

"மேல அவன் இருக்கான் சார்," என்றாள் மருதாயி.

"அதுக்கு நாங்க என்ன பண்ண?"

பஸ் பிடித்து மேலே போனார்கள். அங்கே கேரள ஸ்டேஷனில் இருந்தவர் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினார். எஸ்டேட்டிலிருந்து யாரையாவது சாட்சிக்குக் கூட்டி வரச் சொன்னார். கடைசியில், "நாளெ வரூ" என்றார். நாளைக்கு வா என்பது மட்டும் இருவருக்கும் நன்றாகப் புரிந்தது.

திரும்பும் பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியது. தமிழ்செல்வி ஜன்னல் கம்பியில் கையால் ஓங்கி அடித்தாள். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நடந்தத எத்தன பேருகிட்டக்கா சொல்றது? ஒருத்தனும் முழுசாக் கேக்கக்கூட மாட்டேங்கிறான்."

வீட்டில் கணவன் சோலைமலையிடம் சொன்னபோது அவன் முழுதாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "ஏன் கத்தல?" என்றான்.

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள். தெரியாததுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. ஒருவேளை தானும் உடந்தையோ?

விடிந்ததும் மருதாயி வந்தாள். பஸ்ஸில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, பெண்கள் உதவி எண் நூற்று எண்பத்தொன்றுக்குப் போன் போட்டேன் என்றாள். தேனியில் பெண்களுக்கான உதவி மையம் இருக்கிறதாம். வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மையத்தில் யாஸ்மின் என்ற பெண் இருந்தாள். தமிழ்செல்வியைவிட இளையவள். கதவைச் சாத்தவா, திறந்தே வைக்கவா என்று முதலில் கேட்டாள்.

"தெறந்தே இருக்கட்டும்," என்றாள் தமிழ்செல்வி. நடந்ததையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, தானே ஆரம்பித்தாள்: "நான் கத்தலம்மா. ஏன்னு தெரியல."

"பயத்துல ஒடம்பு மரத்துப் போயிரும்க்கா. நாக்கு எந்திரிக்காது. நெறையப் பேருக்கு அப்பிடித்தான். கத்தாததால நீங்க சம்மதிச்சதா ஆகாது. தப்பு பண்ணுனது அவன்."

தமிழ்செல்வி அப்போதுதான் அழுதாள்.

யாஸ்மின் ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தாள். போலீஸ் கடிதம் இல்லாமலே டாக்டரம்மா பரிசோதித்தார். கட்டியிருந்த சேலையைத் துவைத்துவிட்டதாகத் தமிழ்செல்வி குற்றவாளிபோலச் சொன்னாள். "பரவாயில்ல, கொண்டாங்க," என்றார் அவர். போடி ஸ்டேஷனில் அதே ஆள் மறுபடியும் எல்லையைப் பற்றிப் பேசினார்.

"எங்க நடந்தாலும் இங்க பதிஞ்சுதான் சார் அங்க அனுப்பணும். முடியாதுன்னா எழுதிக் குடுங்க," என்றாள் யாஸ்மின்.

எழுதிக்கொடுக்க அவர் தயாராக இல்லை. சாயங்காலம் வரை உட்கார வைத்து ஒருவழியாகப் பதிந்தார்கள். இது முதல் நாளே நடந்திருக்கலாம் என்ற எரிச்சலில் தமிழ்செல்விக்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

அன்று வீட்டில் அவள் கணவனிடம் சொன்னாள்: "அந்தக் கேள்விய இனிமே கேக்காதீங்க. கேட்டா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

சோலைமலை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அடுத்த வாட்டி நானும் வரட்டா?"

"வாங்க. ஆனா பேசாம ஒக்காரணும்."

வழக்கு மேலே கேரள ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரவே நாளாயிற்று. முத்துப்பாண்டியைப் பிடித்தார்கள். ஜாமீனில் வந்துவிட்டான். எஸ்டேட்டில் அவனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். தமிழ்செல்வியும் மருதாயியும் குரங்கணிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போகத் தொடங்கினார்கள். புது ஜீப்பில், விஷயம் கேள்விப்பட்ட ஒருத்தி தமிழ்செல்வி பக்கத்தில் உட்காராமல் நகர்ந்து போனாள்.

"போனாப் போறா," என்று மருதாயி காலை நீட்டிக்கொண்டாள்.

கோர்ட்டில் இரண்டு முறை தேதி தள்ளிப்போய்விட்டது. ஒவ்வொரு முறையும் சோலைமலை லீவு போட்டுவிட்டுக் கூட வருகிறான், பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். திரும்பும் வழியெல்லாம் தமிழ்செல்வி கோர்ட்டையும் போலீஸையும் திட்டிக்கொண்டே வருகிறாள். அடுத்த தேதியை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.