ஐந்தாவது கேமரா

1

என் காரில் கேமரா பொருத்தப் போன இடத்தில் கேட்ட கதை இது. கூரைத் துணியைப் பாதி பிரித்துப் போட்டிருந்ததால் நான் எங்கும் போக வழியில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வேலை செய்தவளோ பேசிக்கொண்டே வேலை செய்கிற ரகம். நடுவில் ஓரிடத்தில், நான் கதை எழுதுகிறவன் என்று சொல்லிவைத்தேன். அதன் பிறகு அவள் பேச்சு கொஞ்சம் மெதுவானது. ஆனால் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து முதலில் இப்படித் தொடங்கினேன்:

பணிமனையின் தகரக் கூரைமேல் மழை சடசடவென்று

மழை பெய்யவில்லை. வெயில் கொளுத்தியது. அந்த வரியை அடித்துவிட்டேன். அடுத்தது:

கண்கள்தான் மனிதனின்

இதை முடிக்கவே கூச்சமாக இருந்தது. மூன்றாவது பரவாயில்லை: ஒரு தங்கை, தன் அண்ணன் ஓட்டும் பேருந்தில் கேமரா பொருத்தினாள். இதில் பொய் எதுவும் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

பணிமனையில் அவளை எல்லோரும் வயரக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். தலை நரைத்த முதலாளிகூட அக்கா என்கிறார். முப்பதைத் தாண்டியவள். ஒரு மகள். கணவன் எங்கோ இருக்கிறான். அது வேறு கதை என்று அவளே ஒதுக்கிவிட்டாள், நானும் ஒதுக்குகிறேன். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றபோது, அண்ணன் காரணம் எதுவும் கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தானாம். அதிலிருந்து அங்கேதான் இருந்தாள்.

தொலைதூரப் பேருந்துகள் விடும் ஒரு நிறுவனம், தன் வண்டிகள் எல்லாவற்றிலும் காணொளிப் பதிவுக் கருவி வைக்கச் சொல்லி அந்தப் பணிமனைக்கு வேலை கொடுத்தது. ஒரு வண்டிக்கு ஐந்து கேமரா. முன்கண்ணாடிக்குப் பின்னால் சாலையைப் பார்த்து ஒன்று, படிக்கட்டுக்கு மேல் ஒன்று, பயணிகள் பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று. ஐந்தாவது, ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து. இந்த ஐந்தாவதுக்கு மட்டும் கொஞ்சம் மூளை உண்டு. கண் மூடினால் கத்தும். கத்திவிட்டு அந்தத் துண்டுக் காட்சியை அலுவலகத்துக்கு அனுப்பியும் வைக்கும்.

[இந்த இடத்தில் பொருத்தும் வேலையை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். கூரைப் பலகையை நெம்பி எடுப்பது, வயரைக் கம்பியில் கட்டி இழுப்பது, தகரம் அறுக்காமலிருக்க ஓட்டையில் ரப்பர் வளையம் மாட்டுவது, சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற ஃபியூஸைத் தேடுவது, பதிவுப் பெட்டி குலுங்காதபடி இருக்கைக்கு அடியில் ரப்பர் கால் வைத்து முடுக்குவது. எனக்கு எல்லாமே பிடித்திருந்தது. கதை அங்கேயே உட்கார்ந்துவிட்டதால் எடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறேன்: ஒவ்வொரு வயரையும் கட்டி முடித்ததும் அவள் அதை ஒருமுறை சுண்டிப் பார்ப்பாள்.]

அந்த வரிசையில் ஒருநாள் அவள் அண்ணன் ஓட்டும் வண்டி வந்து நின்றது.

3

அண்ணன் விஷயத்தில்தான் எனக்குச் சிக்கல்.

முதல் வரைவில் அவனைக் குடிக்க வைத்தேன். படிக்கிறவர்களுக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று. அவனுக்கோ டீயைத் தவிர எந்தப் பழக்கமும் இல்லை. இரண்டாவது வரைவில் தியாகியாக்கினேன். தங்கைக்காக உழைத்துத் தேய்ந்தவன் என்று நாலு வரி. அதுவும் ஒட்டவில்லை. அவள் சொன்னதை வைத்துப் பார்த்தால், அவன் தடித்த கழுத்தும் உரத்த குரலும் உள்ள ஆள். வீட்டில் ரிமோட்டை யாருக்கும் தரமாட்டான். மனைவி சமைத்ததைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுவான். தங்கை மகளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவன். கற்றுக்கொடுக்கும்போது தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அவளைத் திட்டியவன். வண்டியை மட்டும் மெதுவாக ஓட்டுவான். அதில் அவனுக்கு ஒரு கர்வம். தன் வண்டியில் ஏறினால் கையில் இருக்கிற டீ சிந்தாது என்று சொல்லிக்கொள்வான்.

கொஞ்ச காலமாக அவன் குறட்டை சுவரைத் தாண்டி வந்தது. அதை வைத்து வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்கள். அவளும் செய்தாள்.

4

மற்ற நாலும் மாட்டியாயிற்று. ஐந்தாவதை டாஷ்போர்டு மூலையில் ஒரு தாங்கியில் பொருத்தி, அண்ணனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னாள். கருவி முதலில் அந்த முகத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். சாலையைப் பார்ப்பதுபோல நேராகப் பார், அசையாதே என்றாள். அவனும் புகைப்படத்துக்கு உட்காருவதுபோல சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

கருவி கத்தியது.

கண்ணாடியில் வெயில் அடிக்கிறது என்று நினைத்து அட்டையை வைத்து மறைத்தாள். மறுபடி கத்தியது. தாங்கியைக் கழற்றி ஒரு விரல்கடை இறக்கினாள். கத்தியது. வண்டியோடு வந்திருந்த நடத்துநரை அதே இருக்கையில் உட்காரவைத்தாள். அவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்தும் சத்தமே இல்லை. அண்ணன் திரும்ப ஏறி உட்கார்ந்ததும் கத்தியது. தன் மூஞ்சி அதுக்குப் பிடிக்கவில்லை போல என்று அண்ணன் சிரித்தான். நடத்துநரும் சிரித்தார்.

அவள் நடத்துநரை டீ வாங்க அனுப்பினாள். பிறகு, இணைப்பு இன்னும் கொடுக்காததால் அலுவலகத்துக்குப் போகாமல் பெட்டியிலேயே தங்கியிருந்த காட்சியைச் சின்னத் திரையில் ஓடவிட்டாள்.

அண்ணன் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இமை பாதி இறங்குகிறது. மிச்சமிருக்கிற பாதியில் விழி மேலே போய் வெள்ளை மட்டும் தெரிகிறது. தலை சாயவில்லை, கை ஸ்டீயரிங்கை விடவில்லை. கொஞ்சம் கழித்து இமை மேலே ஏறுகிறது. நடுவில் எதுவுமே நடக்காததுபோல் அவன் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

[இந்தக் காட்சிக்கு ஓர் உவமை வைத்திருந்தேன். வேண்டாம்.]

அவள் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவன் பார்த்தான். மறுபடி ஓடவிடச் சொன்னான். மறுபடி பார்த்தான்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

கொஞ்ச நாளாக என்றான். சாப்பிட்டதும் வண்டி எடுத்தால்தான் இப்படி என்றான். பிறகு, எப்போதும் இல்லாத சின்னக் குரலில் சொன்னானாம்:

"பாப்பா, அத கொஞ்சம் திருப்பி வச்சுடு. தாடை தெரிஞ்சாப் போதும். சீட்ல ஆள் இருக்கான்னு அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

5

இங்கே நான் தவறான வழியில் போனேன். வரைவு இன்னும் மேசையில் இருக்கிறது. அதில் அவள் கேமராவைத் திருப்பி வைக்கிறாள். பேருந்து ஒரு வளைவில்

பாலத்தின் கைப்பிடிச் சுவரை

இதோடு நிறுத்திவிட்டேன். பேருந்தை அதிலிருக்கிற ஆட்களோடு கவிழ்த்துவிட்டால், செய்தது சரியா தப்பா என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்காது. எழுதுகிறவனுக்கும் வேலை மிச்சம். ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை.

நடந்தது இதுதான். அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஒரு பாகம் குறைகிறது, நாளைதான் முடியும் என்று நிறுவனத்துக்குப் போன் செய்தாள். அண்ணனிடம், நீயே போய் அவர்களிடம் சொல்லிவிடு, விடுப்பு எடு, டாக்டரைப் பார் என்றாள். அவன் தலையாட்டினான். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் எதுவும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. டிவியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ரிமோட் அவன் மடியில் இருந்தது.

மறுநாள் காலை அவள் பணிமனைக்குப் போனபோது அண்ணன் சீருடையோடு வண்டியில் இருந்தான். யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அவள் ஏறினாள். தாங்கியை எடுத்தாள். டாஷ்போர்டின் அந்த மூலை இருட்டாக இருந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தாள். அண்ணன் அதை அவள் வாயிலிருந்து எடுத்து, திருகு தெரிகிற மாதிரி பிடித்தான்.

கேமராவை நேராக வைத்தாள். முகம் முழுக்கத் தெரிகிற மாதிரி. பிறகு, யாரும் அசைக்க முடியாத திருகுகளைப் போட்டு முடுக்கினாள். முடியும்வரை வெளிச்சம் ஆடவில்லை என்று சொன்னாள். என் கார் வேலையை அங்கே நிறுத்திவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

6

முதல் பயணத்திலேயே கருவி கத்தியது. நடத்துநர் பயந்துபோய் வண்டியை ஓரம்கட்ட வைத்தார். காட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தது. அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினார்கள், மரியாதையாகத்தான் பேசினார்களாம். டாக்டரிடம் அனுப்பினார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, இரவெல்லாம் படுத்திருந்தாலும் உடம்பு தூங்குவதில்லை என்றார் டாக்டர். முகமூடி மாதிரி மாட்டிக்கொண்டு படுக்க ஒரு கருவி கொடுத்தார். அண்ணி அதைத் தினமும் துடைத்து வைத்தாள். குறட்டை நின்றது. பகலில் கண் சொருகுவதும் குறைந்தது.

வண்டியை மட்டும் திரும்பக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, கேமராக்கள் எல்லாம் வந்து சேரும் அறையில் உட்காரவைத்தார்கள். சுவர் முழுக்கத் திரைகள். சாலைகள், படிக்கட்டுகள், முகங்கள். எந்த ஓட்டுநரின் கண்ணாவது மூடினால் அந்தக் கட்டம் சிவக்கும். அங்கே உட்கார்ந்து, மற்றவர்கள் தூங்குகிறார்களா என்று பார்ப்பதுதான் இனி அவன் வேலை.

இதை நான் கற்பனை செய்திருந்தால் அடித்திருப்பேன். ரொம்பக் கச்சிதமாக இருக்கிறது என்று பதிப்பாளர் சொல்வார். நிறுவனத்துக்கு இதில் எந்தக் குத்தலும் தெரியவில்லை. அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். சண்டை போடவில்லை. அவள் கூடத்துக்கு வந்தால் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு சாப்பிட்டான். அவள் மகளோடு மட்டும் எப்போதும்போல உரக்கப் பேசினான். அது அவளுக்கு ஆறுதலா வேதனையா என்று கேட்டேன். வயரைச் சுண்டிப் பார்த்தாள்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி சொன்னாள்:

"நீ செஞ்சது சரிதான். உன்ன நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா சரியா செஞ்சவளோட ஒரே வீட்ல இருக்கறது கஷ்டமா இருக்கும்மா."

அண்ணி அழுதுகொண்டேதான் சொன்னாள். அவளும் அழுதாள். இருவருமாக மிச்சத் துணியை மடித்து முடித்தார்கள். அந்த மாதக் கடைசியில் அவள் மகளோடு பணிமனைக்குப் பின்தெருவில் ஓர் அறைக்கு மாறினாள். சாமான் ஏற்றும்போது அண்ணன் வீட்டில் இல்லை.

7

முடிவுக்கு வந்துவிட்டேன். அதாவது, முடிவு இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு.

சமாதானமாகிற முடிவு ஒன்று எழுதினேன். அதில் அண்ணன் அவள் அறைக்கு வந்து, நீதான் என் உயிரைக் காப்பாற்றினாய் என்கிறான். இந்த அண்ணன் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அவன் திரை முன்னாலேயே தூங்கிப்போகிற மாதிரி இன்னொன்று எழுதினேன். அது கிண்டல், அவனுக்குச் செய்கிற துரோகம்.

அவள் சொன்னது இது. போன வாரம் அந்த அறையில் ஒரு திரை கெட்டுப்போயிற்று. சரிசெய்ய வேறு யாரையாவது அனுப்பச் சொல்லி முதலாளியிடம் கேட்டிருக்கிறாள். ஆள் இல்லை. போனாள். பகல் நேரம். அறையில் அண்ணன் மட்டும். திரும்பிப் பார்த்தான், திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் தரையில் உட்கார்ந்து மேசைக்கு அடியில் வயரைத் தேடினாள்.

ஒரு கட்டம் சிவந்து சத்தம் வந்தது. தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். திரையில் அண்ணனைவிட வயதில் சிறிய ஓட்டுநர் ஒருவன். இமை இறங்கி ஏறியது. அண்ணன் மைக்கை அழுத்தி, "தம்பி, வண்டிய ஓரங்கட்டு. இறங்கி மூஞ்சி கழுவு" என்றான். அந்த ஓட்டுநர் திடுக்கிட்டு நிமிர்ந்தான். வண்டி மெதுவாகி ஓரத்தில் நின்றது.

அதன் பிறகு திரையில் இரண்டு பொத்தான்கள் வருமாம். ஒன்றை அழுத்தினால் காட்சி மேலிடத்துக்குப் போகும். மற்றதை அழுத்தினால் தவறான எச்சரிக்கை என்று பதிவாகி மறைந்துவிடும். அண்ணனின் விரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது. அவள் மேசைக்கு அடியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினான். இவ்வளவு காலத்தில் அவளிடம் அவன் பேசியது அதுதான்.

"வெளிய போ, பாப்பா. நீ பாத்துட்டிருந்தா என்னால எதையும் அமுக்க முடியல."

அவள் எழுந்து வெளியே போனாள். கதவைச் சாத்தினாள்.

எதை அழுத்தினான் என்று அவளுக்குத் தெரியாது. திரும்ப உள்ளே போனபோது கட்டம் பழைய நிறத்துக்கு வந்திருந்தது. எதை அழுத்தினாலும் அப்படித்தான் ஆகும். அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்டா நான் ஏதாவது செய்ய வேண்டி வரும், சார்" என்றாள்.

அந்த நிறுவனத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்ள எனக்கு வழி இருக்கிறது. நான் விசாரிக்கவில்லை. எந்தப் பொத்தானை எழுதினாலும் அண்ணன் என் கையில் வேறொருவனாகிவிடுவான். ஆகையால் அவன் விரலை அங்கேயே விட்டுவிட்டு நானும் வெளியே வந்துவிடுகிறேன். அறையில் இனி நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

அழுத்துவதற்கு முன் பக்கத்துக் கட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது அதே பேருந்தின் பயணிகள் பக்கம். வண்டி ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லையாம். பெரும்பாலானவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண், மடியில் கிடந்த குழந்தை விழித்துவிடாதபடி, அதன் செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.